கணக்கையும் ஒரு பத்தி எழுதுங்கள்: ஃபீல்ட்ஸ் பதக்கச் செய்தி பற்றிச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்களிலும் இணையச் செய்தித் தளங்களிலும் பணிபுரியும் செய்தி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு பள்ளிக் கணித ஆசிரியர். 2022 ஜூலையில், கணிதத்தின் மிக உயர்ந்த பரிசுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை அறிவித்த இரண்டொரு நாளில், பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி செய்தித்தாளிலிருந்து வெட்டியெடுத்த ஒரு துண்டைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். மரினா வியாசோவ்ஸ்காவின் படம். அதன்கீழ் ஏழெட்டு வரி. உக்ரைனில் பிறந்தவர், வயது 37, சுவிட்சர்லாந்தில் பேராசிரியர், இந்தப் பதக்கம் வாங்கும் இரண்டாவது பெண்.

"டீச்சர், இவங்க என்ன கணக்கு போட்டாங்க?" என்று கேட்டாள்.

செய்தியை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். அதற்கான பதில் அதில் இல்லை. "கணிதத்தில் ஆற்றிய சிறந்த பங்களிப்புக்காக" என்று ஒரு வரி இருந்தது, அவ்வளவுதான். அந்தப் பெண் கேட்ட கேள்வியை அப்படியே உங்கள் முன் வைக்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் பார்த்தவரை ஒவ்வொரு முறையும் இப்படித்தான் நடக்கிறது. 2006-ல் கிரிகோரி பெரல்மான் பதக்கத்தை வாங்க மறுத்தார். மறுத்தது மட்டும்தான் செய்தியானது. 2014-ல் மரியம் மிர்சகானி. முதல் பெண் என்பதோடு செய்தி முடிந்தது. 2018-ல் ரியோ டி ஜெனிரோவில் கௌச்சர் பிர்காருக்குக் கொடுத்த பதக்கம் கொஞ்ச நேரத்திலேயே திருடு போனது; திருட்டுக்குக் கிடைத்த இடம் அவர் கணிதத்துக்குக் கிடைக்கவில்லை. அதே மேடையில் பதக்கம் வாங்கிய அக்‌ஷய் வெங்கடேஷுக்குப் பூர்வீகம் எது என்று தேடினோம். 2022-ல் ஜூன் ஹூ என்றால், கவிஞராகும் ஆசையில் பள்ளிப் படிப்பை விட்டவர்.

இதையெல்லாம் எழுதாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. பிர்கார் குர்து இனத்தவர்; அகதியாக பிரிட்டன் போய்ச் சேர்ந்தவர். அவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயருக்கே குர்து மொழியில் 'புலம்பெயர்ந்த கணிதவியலாளர்' என்று பொருள். அந்தக் கதையை நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் வாய் திறக்காமல் கேட்டார்கள். ஆனால் ஒரு ஓட்டப்பந்தய வீரர் தங்கம் வாங்கினால், அவர் வளர்ந்த கதையை எழுதிவிட்டு எத்தனை விநாடியில் ஓடினார் என்பதை எழுதாமல் விடுவீர்களா? விடமாட்டீர்கள். கணிதத்தில் மட்டும் அந்த விநாடிக் கணக்கு விட்டுப்போகிறது.

பதிப்பு முடியும் நேரம், ஏஜென்சி அனுப்பியது நாலு வரி, மேசையில் கணிதம் படித்தவர் யாரும் இல்லை. உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. அதற்கும் மேல், 'இது வாசகருக்குப் புரியாது' என்ற ஒரு எண்ணமும் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த எண்ணத்தோடுதான் எனக்கு வழக்கு. புரியும் என்பதற்கு என் மாணவியே சாட்சி. அன்று என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

என் பையிலிருந்த ஒரே அளவு நாணயங்களை எடுத்து மேசையில் வைத்தேன். நடுவில் ஒன்று. அதைச் சுற்றி எத்தனை வைக்கலாம்? ஆறு. ஏழாவதுக்கு இடமில்லை, ஆறுக்கு நடுவே இடுக்கும் இல்லை, கச்சிதமாக உட்காரும். அதே முறையில் மேசை முழுக்கப் பரப்பிக்கொண்டே போனால் பரப்பில் 90.69 சதவீதம் நாணயங்களுக்கு அடியில் மறைந்துவிடும். வேறு எப்படி அடுக்கினாலும் இதைத் தாண்ட முடியாது.

சரி, நாணயத்துக்குப் பதிலாகப் பந்து? ஒரு பந்தைச் சுற்றி 12 பந்துகள் தொட்டுக்கொண்டிருக்கலாம். பழக்கடையில் பழங்களைக் கோபுரமாக அடுக்குகிறார்களே, அந்த அடுக்குதான் இருப்பதிலேயே நெருக்கமானது என்று 1611-ல் வானியலாளர் கெப்ளர் சொன்னார். இடத்தில் சுமார் 74.05 சதவீதம் நிரம்பும். சொல்ல முடிந்ததே தவிர, நிரூபிக்க முடியவில்லை. 1998-ல்தான் தாமஸ் ஹேல்ஸ் நிரூபணத்தை வெளியிட்டார். அதில் கணினி செய்த வேலை அவ்வளவு அதிகம் என்பதால் சரிபார்த்தவர்களால் முழு உறுதி தர முடியவில்லை. ஹேல்ஸும் குழுவினரும் கணினியையே வைத்து ஒவ்வொரு அடியையும் சரிபார்த்து முடித்தது 2014-ல். பழக்கடைக்காரருக்குத் தெரிந்ததை நிரூபிக்க நானூறு வருடம்.

வியாசோவ்ஸ்கா செய்தது எட்டுப் பரிமாணத்தில். இந்த இடத்தில்தான் எல்லோரும் பேனாவை மூடிவிடுகிறோம். ஆனால் எட்டுப் பரிமாணம் மாயமந்திரம் இல்லை. தாளில் ஒரு புள்ளியைச் சொல்ல இரண்டு எண் வேண்டும். அறைக்குள் ஒரு புள்ளியைச் சொல்ல மூன்று. எட்டு எண்களால் சொல்லப்படுவது எட்டுப் பரிமாணப் புள்ளி. ஒரு மாணவி எட்டுத் தேர்வில் வாங்கிய மதிப்பெண்களை வரிசையாக எழுதினால் அது அப்படி ஒரு புள்ளி. இரண்டு மாணவிகளுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று கேட்டால், எட்டு வித்தியாசங்களையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டியதுதான். பித்தாகரஸ் தேற்றம், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். தூரம் தெரிந்துவிட்டால் பந்து வந்துவிட்டது, ஏனென்றால் ஒரு மையத்திலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் இருக்கும் புள்ளிகள் எல்லாம் சேர்ந்ததுதான் பந்து.

இப்போது அதே கேள்வி. எட்டுப் பரிமாணத்தில் பந்துகளை எப்படி அடுக்கினால் மிக நெருக்கம்? ஈ8 என்ற ஓர் அடுக்குமுறை வெகுகாலமாகத் தெரிந்திருந்தது. அதில் ஒரு பந்தை 240 பந்துகள் தொட்டுக்கொண்டிருக்கும். அந்த 240 எங்கிருந்து வருகிறது என்று கரும்பலகையில் எண்ணினோம். எட்டு இடங்களில் ஏதாவது இரண்டில் 1 அல்லது −1 போடுங்கள், மற்ற ஆறிலும் 0. இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுக்க 28 வழி; குறி போட ஒவ்வொன்றுக்கும் 4 வழி; ஆக 112. அப்புறம், எட்டு இடத்திலும் அரை அல்லது கழித்தல் அரை போடுங்கள், கழித்தல் குறிகள் மட்டும் இரட்டைப்படையில் இருக்கட்டும். அப்படி 128. கூட்டினால் 240. எல்லாமே மையத்திலிருந்து ஒரே தூரம்: முதல் வகையில் 1 + 1 = 2, இரண்டாவது வகையில் அரையின் வர்க்கம் கால், எட்டுக் கால்கள் சேர்ந்து 2. வர்க்கமூலம் இரண்டுதான் தூரம், எல்லாவற்றுக்கும்.

அந்த 28-ஐ அவளே எண்ணினாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எட்டுக் கால்கள் இரண்டாகிறது என்று தெரிந்ததும் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள். பதக்கச் செய்தி ஒரு பிள்ளைக்குத் தரக்கூடியது அந்தப் பார்வை. அது அந்த ஏழெட்டு வரியில் இல்லாமல் போனதுதான் என் வருத்தம்.

இதைவிட நெருக்கமாக அடுக்கவே முடியாது என்று நிரூபிப்பதுதான் முடியாமல் கிடந்தது. குறிப்பிட்ட சில குணங்கள் உள்ள ஒரு சார்பு கிடைத்தால் போதும், கணக்கு முடிந்துவிடும் என்று ஹென்றி கோனும் நோம் எல்கீஸும் 2003-ல் காட்டினார்கள். பூட்டு எது என்று தெரிந்துவிட்டது, சாவி கிடைக்கவில்லை. 2016 மார்ச் 14 அன்று வியாசோவ்ஸ்கா அந்தச் சார்பை எழுதி வெளியிட்டார். சுமார் 25 பக்கம். ஒரே வாரத்தில், வேறு நால்வரோடு சேர்ந்து 24 பரிமாணத்துக்கும் முடித்தார். அங்கே ஒரு பந்தைத் தொடும் பந்துகள் 1,96,560. அந்த 24 பரிமாண அடுக்கோடு பிறவித் தொடர்பு உள்ள ஒரு குறிமுறையைத்தான் வாயேஜர் விண்கலங்கள் வியாழன், சனி கோள்களின் வண்ணப்படங்களைப் பிழையில்லாமல் பூமிக்கு அனுப்பப் பயன்படுத்தின.

இனி நான் சொல்லப்போவதை எந்தத் தமிழ்ச் செய்தியிலும் நான் படித்ததில்லை. வியாசோவ்ஸ்கா கண்டுபிடித்த அந்தச் சார்பைத் திறந்து பார்த்தால் உள்ளே மூன்று தொடர்கள் இருக்கின்றன. 1916-ல் சீனிவாச ராமானுஜன் எழுதிய ஒரு கட்டுரையில் பி, க்யூ, ஆர் என்று பெயர் வைத்துக் கையாண்டாரே, அதே மூன்று. நூறு வருடம் கழித்து எட்டுப் பரிமாணப் பூட்டைத் திறந்த சாவியில் அவர் கை பட்டிருக்கிறது. உக்ரைன் என்றும் இரண்டாவது பெண் என்றும் எழுதிய அதே செய்தியில் இந்த ஒரு வரி இருந்திருந்தால் தமிழ் வாசகர் தாளை மடித்து வைத்திருப்பாரா?

அதே 1916 கட்டுரையில் இன்னொன்றும் இருக்கிறது. முடிவில்லாமல் நீளும் ஒரு பெருக்கலை விரித்து, அதில் வரும் கெழுக்களை வரிசையாக எழுதினார் ராமானுஜன்: 1, −24, 252, −1472, 4830, −6048… இரண்டாவதையும் மூன்றாவதையும் பெருக்கிப் பாருங்கள். 24 × 252 = 6048. ஆறாவது கெழு! இரண்டும் மூன்றும் பெருக்கினால் ஆறு என்பது இந்த வரிசைக்கும் எப்படியோ தெரிந்திருக்கிறது. இதை ராமானுஜன் கவனித்து எழுதினார். மறுவருடமே மோர்டெல் என்ற கணிதவியலாளர் நிரூபித்துவிட்டார். ஆனால் பகா எண் இடங்களில் இந்தக் கெழுக்கள் எவ்வளவு பெரிதாகலாம் என்று ராமானுஜன் ஓர் எல்லையும் சொல்லியிருந்தார். அது 1974 வரை யாருக்கும் பிடிபடவில்லை. பிடித்தவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த பியர் டெலின். வேய் என்பவர் முன்வைத்த பெரிய ஊகம் ஒன்றை அவர் நிரூபித்து முடித்தபோது, ராமானுஜனின் ஊகமும் கூடவே நிரூபணமானது. 1978-ல் ஹெல்சிங்கியில் டெலினுக்கு ஃபீல்ட்ஸ் பதக்கம் கொடுத்தார்கள்.

ராமானுஜன் 1920-ல் 32 வயதில் இறந்தார். முதல் ஃபீல்ட்ஸ் பதக்கம் 1936-ல். அவருக்குக் கிடைத்திருக்குமா என்று கேட்டு எழுதுகிறோம். அவர் கணிதம் அந்த மேடைக்கு எத்தனை முறை வந்துபோனது என்று எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ஜூன் ஹூவுக்கு வருகிறேன். கவிதைக்காகப் பள்ளியை விட்டவர் என்று எழுதினீர்கள், உண்மைதான். அவர் நிரூபித்ததோ ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கும் காட்டக்கூடிய ஒன்றிலிருந்து தொடங்குகிறது. மூன்று புள்ளிகளை முக்கோணமாக இணையுங்கள். இணைந்த புள்ளிகளுக்கு ஒரே வண்ணம் கூடாது. கையில் ந வண்ணங்கள் இருந்தால் எத்தனை விதமாக வண்ணம் தீட்டலாம்? முதல் புள்ளிக்கு ந, அடுத்ததுக்கு ஒன்று குறைவு, அதற்கடுத்ததுக்கு இரண்டு குறைவு. பெருக்கினால் ந³ − 3ந² + 2ந. குறியை விட்டுவிட்டுக் கெழுக்களைப் பாருங்கள்: 1, 3, 2. ஏறி இறங்குகிறது. நாலு புள்ளிகளைச் சதுரமாக இணைத்தால் 1, 4, 6, 3. இதுவும் ஏறி இறங்குகிறது. எவ்வளவு சிக்கலான வலையைப் போட்டாலும் இந்தக் கெழுக்கள் ஒருமுறை ஏறி, இறங்க ஆரம்பித்தால் இறங்கிக்கொண்டேதான் போகும், மறுபடி ஏறவே ஏறாது என்று 1968-ல் ரொனால்ட் ரீட் ஊகித்தார். நாற்பது வருடத்துக்கு மேல் அது ஊகமாகவே கிடந்தது. ஹூ ஆய்வு மாணவராக இருந்தபோது நிரூபித்தார்.

அதற்கு அவர் கொண்டுவந்த கருவி, வண்ணம் தீட்டுவதற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாததுபோல இருந்த வடிவியல் துறையிலிருந்து வந்தது. வளைபரப்புகளில் கூராகவோ மடிந்தோ இருக்கும் இடங்களைப் பற்றிய படிப்பு அது. அதை அவருக்கு அறிமுகப்படுத்தியவர் சியோலில் வருகைப் பேராசிரியராக இருந்த ஹெய்சுகே ஹிரோனாகா. 1970-ல் அதே படிப்புக்காக ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கியவர். கவிதையை விட்டதும் கணிதத்தைத் தொட்டதும் ஒரே கதையின் இரண்டு பாதி. நமக்கு வந்து சேர்ந்தது முதல் பாதி மட்டும்.

மிர்சகானியைப் பற்றி எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கை தயங்குகிறது. 2017 ஜூலையில், 40 வயதில், புற்றுநோயால் போய்விட்டார். அப்போதும் பத்திரிகைகள் எழுதின: முதல் பெண், ஈரான், தலைமறைப்பு இல்லாத படம் வந்தது. பெரிய பெரிய தாள்களைத் தரையில் விரித்துப்போட்டு, திரும்பத் திரும்ப ஒரே மாதிரி உருவங்களை வரைந்துகொண்டே யோசிப்பவர் அவர். அம்மா ஓவியம் வரைகிறாள் என்று அவருடைய சின்ன மகள் சொல்வாளாம். அந்தத் தாளில் என்ன வரைந்தார்?

இரண்டு துளைகள் உள்ள ஒரு பரப்பை நினைத்துக்கொள்ளுங்கள், எட்டு என்ற எண்ணை ஊதிப் பெருக்கியதுபோல. அதன்மேல் ஒரு ரப்பர் வளையத்தைச் சுற்றுங்கள். வளையம் தன்னையே வெட்டிக்கொள்ளக் கூடாது, இழுத்துக் கட்டினால் எவ்வளவு சுருங்க முடியுமோ அவ்வளவு சுருங்கியிருக்க வேண்டும். குறிப்பிட்ட நீளத்துக்குள் இப்படி எத்தனை வளையங்கள்? தன்னை வெட்டிக்கொள்ளலாம் என்று விட்டால் எண்ணிக்கை அடுக்குக்குறி வேகத்தில் எகிறும்; அது முன்பே தெரியும். வெட்டிக்கொள்ளக் கூடாது என்ற நிபந்தனையோடு எண்ணுவதுதான் பெரும்பாடு. மிர்சகானி தன் முனைவர் பட்ட ஆய்வில், 2004-ல், அதைக் கண்டுபிடித்தார். இரண்டு துளை என்றால் எண்ணிக்கை நீளத்தின் ஆறாம் அடுக்கு வேகத்தில் வளரும். நீளத்தை இரட்டித்தால் வளையங்கள் போகப்போகச் சுமார் 64 மடங்கு. மூன்று துளை என்றால் பன்னிரண்டாம் அடுக்கு. அந்த ஒரே ஆய்விலிருந்து, இயற்பியலாளர் விட்டன் முன்வைத்த ஓர் ஊகத்துக்கும் ஒரு புது நிரூபணம் கிடைத்தது. 2022 வரை பதக்கம் பெற்ற 64 பேரில் பெண்கள் இரண்டு பேர்தான் என்பதை எழுத வேண்டியதுதான், அது வெட்கப்பட வேண்டிய கணக்கு. அதோடு ரப்பர் வளையத்தையும் எழுதியிருந்தால், அவரைப்போல ஆக நினைக்கும் ஒரு பெண்பிள்ளைக்குத் தாளை விரித்து எதை வரைவது என்று தெரிந்திருக்கும்.

பெரல்மானைப் பற்றி ஒன்று மட்டும். பத்து லட்சம் டாலர் பரிசையும் அவர் 2010-ல் மறுத்தபோது, விசித்திரமான மனிதர் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டோம். ரிச்சர்ட் ஹாமில்டன் 1982-ல் போட்ட பாதையில் நடந்துதான் 1904-ல் பொவான்கரே கேட்ட கேள்விக்குப் பெரல்மான் விடை கண்டார். ஹாமில்டனின் பங்கு தன்னுடையதைவிடக் குறைந்ததில்லை, அவரை விட்டுவிட்டுத் தனக்கு மட்டும் கொடுப்பது நியாயமில்லை என்று அவர் காரணமும் சொன்னார். கணிதத்தைச் சொல்லாமல் விட்டதால், அந்த மனிதரின் நேர்மையும் சேர்ந்தே விட்டுப்போனது.

சில திருத்தங்களும் சொல்லிவிடுகிறேன். நோபலின் மனைவிக்கும் ஒரு கணிதவியலாளருக்கும் தொடர்பு இருந்ததால்தான் கணிதத்துக்கு நோபல் இல்லை என்று இன்னமும் சில இடங்களில் வருகிறது. நோபல் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. தயவுசெய்து அதை இனி அச்சிடாதீர்கள். 'கணிதத்தின் நோபல்' என்ற அடைமொழியும் பாதிதான் பொருந்தும். ஃபீல்ட்ஸ் பதக்கம் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, உலகக் கணித மாநாட்டில், அதிகபட்சம் நான்கு பேருக்கு. அந்த ஆண்டு தொடங்குவதற்குள் 40 வயது நிறைந்திருந்தால் கிடையாது. பரிசுத்தொகை 15,000 கனடா டாலர்தான். கனடாக்காரரான ஜான் சார்லஸ் ஃபீல்ட்ஸ் இதைத் திட்டமிட்டபோது, எந்த நாட்டின் பெயரும் எந்த நிறுவனத்தின் பெயரும் எந்த மனிதரின் பெயரும் இந்தப் பதக்கத்தோடு ஒட்டக் கூடாது என்று எழுதிவைத்தார். 1932-ல் அவர் இறந்தபின் அவர் பெயரே ஒட்டிக்கொண்டது. எந்த நாட்டுக்காரர் என்று முதலில் தேடும் நாம் அவர் எழுதியதை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

நோபலோடு ஒப்பிட வேண்டுமென்றால் நார்வே தரும் ஆபெல் பரிசு இன்னும் பொருத்தம்: ஆண்டுதோறும் உண்டு, வயது வரம்பு இல்லை. சென்னையில் பிறந்த சீனிவாச வரதன் 2007-ல் அதைப் பெற்றார். பிறந்த ஊர், படித்த கல்லூரி எல்லாம் வந்தது. அவர் செய்தது நாணயம் சுண்டுவதிலிருந்து தொடங்கும் கணக்கு. 100 முறை சுண்டினால் 60 அல்லது அதற்கு மேல் தலை விழ சுமார் 35-ல் ஒரு வாய்ப்பு. அதே விகிதம், 1000 முறை சுண்டி 600-க்கு மேல்? நூறு கோடியில் ஒன்றுகூட இல்லை. அரிதானது எவ்வளவு வேகத்தில் அரிதாகிறது? நாணயத்துக்கு மட்டுமில்லாமல், தற்செயல் நுழையும் எந்த இடத்துக்கும் அதைக் கணக்கிட ஒரே கோட்பாட்டை அமைத்துத் தந்தவர் வரதன். காப்பீட்டிலிருந்து இயற்பியல் வரை இது பயன்படுகிறது. நம் ஊர்க்காரர் என்று பெருமைப்படுவதற்கு இதைவிட நல்ல காரணம் வேறு என்ன வேண்டும்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பதக்கம் பெறும் ஒவ்வொருவரின் பெயரோடும் ஒரு பத்தி; அதில் பிறந்த ஊர் வேண்டாம், கணக்கு மட்டும். பதக்கத்தைத் தரும் சர்வதேச கணித ஒன்றியமே ஒவ்வொருவருக்கும் விளக்கக் குறிப்பு வெளியிடுகிறது. அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் யாருக்கும் புரியாது. புரிந்த ஒருவர் எழுதினால் புரியும். பக்கத்துப் பள்ளியிலோ கல்லூரியிலோ கணிதம் நடத்தும் ஒருவரை அன்றிரவு கூப்பிடுங்கள். எங்களில் பலர் தூங்காமல் எழுதிக்கொடுப்போம். சொற்களுக்கும் பஞ்சமில்லை. பகா எண், கெழு, பல்லுறுப்புக்கோவை, நிகழ்தகவு, தேற்றம், ஊகம், நிரூபணம் எல்லாம் தமிழில் பள்ளிப்படிப்பு முடித்த வாசகருக்குப் பழகிய சொற்கள்தான்.

எப்படி இருக்கலாம் என்பதற்கு 2022-ல் பதக்கம் பெற்ற இன்னொருவரை வைத்து ஒரு மாதிரி எழுதிப் பார்த்தேன்:

"ஜேம்ஸ் மேனார்ட், வயது 35, பிரிட்டன். 2, 3, 5, 7, 11 என்று போகும் பகா எண்கள் பெரிதாகப் பெரிதாக அருகிப்போகின்றன. ஆனாலும் 600-க்கு மேற்படாத இடைவெளியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் பகா எண் ஜோடிகள் முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும் என்று 2013-ல் நிரூபித்தார். 7 என்ற இலக்கமே இல்லாத பகா எண்களும் முடிவில்லாதவை என்று பின்னர் நிரூபித்தார். நூறு இலக்க எண்களில் 7 இல்லாதவை சுமார் 38,000-க்கு ஒன்றுதான். அவ்வளவு சலித்த பின்னும் பகா எண்கள் தீர்ந்துபோவதில்லை."

அறுபது சொல்கூட இல்லை. இன்னும் கொஞ்சம் இடம் இருந்தால் யீடாங் ஜாங்கைச் சேர்த்துக்கொள்ளலாம். அந்த இடைவெளிக்கு ஏதோ ஓர் எல்லை உண்டு என்று முதலில் நிரூபித்தவர் அவர்தான், மேனார்டுக்குச் சில மாதங்கள் முன்பு. அவர் சொன்ன எல்லை 7 கோடி. பல நாட்டுக் கணிதவியலாளர்கள் இணையத்தில் ஒன்றுகூடி அதைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். மேனார்ட் வேறு வழியில் 600-க்குக் கொண்டுவந்தார். அப்புறம் எல்லோரும் சேர்ந்து 246-ல் நிறுத்தினார்கள். ஜாங்குக்கு அப்போதே ஐம்பது வயது தாண்டிவிட்டது. வேலை சரியாக அமையாமல் ஒரு காலத்தில் சாண்ட்விச் கடையில் கணக்கு பார்த்தவர். ஃபீல்ட்ஸ் பதக்கம் அவருக்குச் சட்டப்படியே கிடைக்காது. பெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிரூபித்த ஆண்ட்ரூ வைல்ஸுக்கும் வயது தாண்டிவிட்டதால் 1998-ல் ஒரு வெள்ளித் தகடுதான் கொடுத்தார்கள். பட்டியலில் இல்லாதவர்களையும் சேர்த்துச் சொல்ல, கணக்கைச் சொன்னால்தான் வழி கிடைக்கும்.

அந்த மாணவி அன்று போகும்போது இன்னொன்று கேட்டாள். "எட்டு முடிஞ்சுது, இருபத்திநாலு முடிஞ்சுது. நாலு பரிமாணத்துல?" நாலு பரிமாணத்தில் பந்துகளை எப்படி அடுக்கினால் மிக நெருக்கம் என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை என்றேன். ஐந்திலும் இல்லை, ஆறிலும் இல்லை, ஏழிலும் இல்லை. நோட்டின் பின்பக்கத்தில் 4, 5, 6, 7 என்று எழுதிக்கொண்டு போனாள். யாரோ ஒருவர், ஏதோ ஒரு நாட்டில், அந்த நாலை ஒருநாள் முடிப்பார். அன்றிரவு உங்கள் மேசைக்கு அந்தச் செய்தி வரும்போது, எத்தனை பந்துகள் எப்படித் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்பதையும் எழுதுங்கள். அவள் வெட்டி வைத்துக்கொள்வாள்.

அன்புடன்,
ஒரு கணித ஆசிரியர்